அரச இலைக்கு வால் வந்த கதை

மரமும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், அரச இலைக்கு இப்போதிருக்கும் நீண்ட நுனி கிடையாது. வட்டமாக, நடுவில் குழிந்து, கிண்ணம் போல இருக்கும். பெய்த மழையை அதில் தேக்கி வைத்துக்கொண்டுதான் அரசமரம் கோடையைக் கழித்தது.

கடலோரக் குன்று ஒன்றின் மேல் பழைய புத்த விகாரை இருந்தது. பிக்குகள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. வெள்ளைத் தூபியும், பாறைப் பிளவில் வேர்விட்ட ஓர் அரசமரமும், அதில் குடியிருந்த மைனாவும்தான் மிச்சம்.

ஒரு கோடையில் கொற்றி என்ற பெண் அந்த விகாரையைப் பார்க்கப் புறப்பட்டாள். அதற்குச் சில நாள் முன்புதான் அவள் தம்பி எயினன் மீன் பிடிக்கப் போய்ப் புயலில் சிக்கினான். திசை தெரியாமல் அலைந்தவன், தூரத்தில் வெள்ளைத் தூபியைக் கண்டு, அதைக் குறிவைத்தே படகைக் கரைசேர்த்தான். கால் முறிந்திருந்ததால் அவனால் நடக்க முடியவில்லை.

"அக்கா, எனக்காக நீ போய் அங்கே கும்பிட்டுவிட்டு வா" என்றான்.

வழி அவள் நினைத்ததைவிட நீளம். குன்றின் அடிவாரத்திலேயே குடுவைத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மேலே விகாரைக் குளம் இருக்கும் என்று நம்பி ஏறினாள். குளம் வெடித்துக் கிடந்தது. இருந்தும் தூபியின் முன் விழுந்து கும்பிட்டாள். "என் தம்பியைத் தந்தாய்" என்று சொல்லிவிட்டு எழுந்தவள், தள்ளாடிப் போய் அரசமரத்தடியில் நினைவின்றிச் சாய்ந்தாள்.

"பக்கத்தில் தண்ணீர் இல்லையா?" என்று மரம் கேட்டது.

"பின்சரிவில் ஒரு சுனை இருக்கிறது. ஆனால் இவள் எழுந்தால்தானே காட்ட முடியும்? என் அலகில் எவ்வளவு கொண்டுவருவேன்?" என்றது மைனா.

மரம் ஓர் இலையைச் சாய்த்தது. நீர் நாலாபக்கமும் வழிந்து பாறையில் சிதறியது. கொற்றியின் வாயில் ஒரு சொட்டும் விழவில்லை.

"இலையின் நுனியை இழுத்துக் கூராக்கினால் நேராகச் சொட்டும்" என்றது மரம்.

"இழுத்துவிட்டால் அது மறுபடி குழியாது. இந்தப் பாறையில் கோடையை எப்படித் தாண்டுவாய்?"

"அது பிறகு. இவளுக்கு இப்போது தண்ணீர் வேண்டும்."

மரம் தன் பலத்தையெல்லாம் திரட்டி ஓர் இலையின் நுனியை இழுத்தது. நீர் அதன் வழியே இறங்கி அவள் உதட்டில் சொட்டியது. அது போதவில்லை. அடுத்த இலை, அதற்கடுத்தது என்று ஒன்றுவிடாமல் இழுத்தது. கடைசியில் கொற்றி கண்திறந்தபோது மரத்தில் குழிந்த இலை ஒன்றுகூட இல்லை.

நடந்ததை மைனா சொல்லக் கேட்டு, அவள் மரத்தின் அடியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"கும்பிட்டாயிற்றே, ஊருக்குப் போ. தம்பி காத்திருப்பான்" என்றது மரம்.

"உன்னைக் காயவிட்டுப் போனால் அவனே என்னை வீட்டுக்குள் சேர்க்கமாட்டான்."

மைனா சுனையைக் காட்டியது. கொற்றி குடுவையில் மொண்டு வந்து வேரில் வார்த்தாள். விகாரையிலேயே தங்கி, கோடை முழுக்க வார்த்தாள். இலைகள் வாடித் தொங்கின, ஆனால் உதிரவில்லை. மழை இறங்கியபோது மரம் துளிர்த்தது. புதுத் தளிர்களும் நீண்ட நுனியோடுதான் வந்தன.

அக்காவைத் தேடி எயினன் கோலூன்றி மேலே வந்து சேர்ந்தான். கதையைக் கேட்டவன் குடுவையை வாங்கிக்கொண்டு போய்ச் சுனையில் நிரப்பி வந்தான்.

"மழைதான் பெய்கிறதே தம்பி" என்றது மரம்.

"தெரியும்" என்று சொல்லி, அவன் வேரில் வார்த்தான்.

அரச இலையின் நுனி வால்போல் நீண்டிருப்பதும், பழைய விகாரைக்குப் போகிறவர்கள் அரசமரத்து வேரில் நீர் வார்த்துக் கும்பிடுவதும் அந்த மழைக்காலம் தொட்டுத்தான்.