ஹார்ட் இடுப்பில் கட்டிய துண்டு

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்கிறேன் முகிலா, நடுவில் என் கண் கலங்கினால் கதைக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. 'அம்மா கடுமையாக உழைக்கிறாள்' என்று இங்கிலீஷில் எழுதும்போது ஹார்டுக்குப் பின்னால் ஒரு லி சேர்த்தாய், டீச்சர் சுழித்துவிட்டார். மற்றதுக்கெல்லாம் லி உண்டு, இதுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாயே, அதற்குத்தான் இது.

அந்தக் காலத்தில் இங்கிலீஷ் சொற்களுக்குக் கையும் காலும் வாயும் இருந்தன. ஸ்லோ, நைஸ், ஃபாஸ்ட், ஹார்ட் எல்லாம் ஒரே தெரு. ஆள் பக்கத்தில் நின்று அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்வதும் அவைதான், வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லப் போவதும் அவைதான்.

ரோஸ் வீட்டில் கல்யாணம். முதல் பந்தி உட்கார்ந்தாயிற்று, இலையில் உப்பைத் தவிர ஒன்றும் இல்லை. சமையல் மாஸ்டர் குக் வெளியே வந்து பார்த்தால், யார் பரிமாற வந்தது, யார் மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க வந்தது என்றே தெரியவில்லை. சம்பந்தி எழுந்திருக்கப் பார்த்தார்.

"மானம் போகுது. வேலைக்கு வர்றவங்க இடுப்புல துண்டைக் கட்டுங்கப்பா" என்று குக் ஒரு கத்தைத் துண்டோடு வந்தார். அந்தத் துண்டுக்குப் பெயர்தான் லி.

ஸ்லோ கட்டிக்கொண்டு ஸ்லோலி ஆகி, சிந்தாமல் சாம்பார் வாளியைத் தூக்கியது. நைஸ், நைஸ்லி ஆகி அப்பளம் உடையாமல் வைத்தது. ஃபாஸ்டுக்குத் துண்டு நீட்டுவதற்குள் அது ஒரு வரிசைக்கே சோறு போட்டிருந்தது. "உனக்கு வேண்டாம், நீ ஓடு."

விடிந்ததிலிருந்து தேங்காய் துருவி, அண்டா இறக்கி, வேர்த்து வழிய நின்றது ஹார்ட். குக்குக்கு மனசு கேட்கவில்லை. "மாமா, நீங்களும் கட்டிக்குங்க" என்று தன் கையாலேயே கட்டிவிட்டார்.

ஹார்ட் குனிந்து துண்டைப் பார்த்தது. போய் வெற்றிலைத் தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது.

"எந்திரிங்க மாமா."

"அதான் துண்டு கட்டியிருக்கேனே. பாக்குறவங்களுக்குத் தெரியாதா?"

குக் துண்டை உருவினார். உருவினதுதான் தாமதம், ஹார்ட் திடுக்கிட்டு ஓடி ரச அண்டாவை இறக்கி வைத்தது. சம்பந்தி ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அன்று முதல்தான் மற்றவை லி கட்டிக்கொண்டு வேலைக்குப் போக, ஃபாஸ்டும் ஹார்டும் கட்டாமலே போகின்றன. ஹார்ட் இடுப்பில் லி ஏறி ஹார்ட்லி ஆகிவிட்டால், அங்கே வேலை நடப்பதே அபூர்வம் என்று அர்த்தம். அதனால் அந்த லியை அழித்துவிடு கண்ணு. நீ எழுதினதற்கு என்ன அர்த்தம் என்று உன் அப்பத்தாவுக்குத் தெரிந்தால் போதும், என் பேத்தி சரியாகத்தான் எழுதியிருக்கிறாள் என்று தெருவெல்லாம்... இதோ வந்துட்டேன் அத்தை, வெங்காயம் இன்னும் கொஞ்சம்தான்