சுவரில் ஒட்டிய கதவு

முன்னொரு காலத்திலே. எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள்; ராஜாக்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்த காலம், அவ்வளவு தூரம் பின்னால். அப்போது ஏழுகிணறு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் நீலவாயன் என்றொரு மந்திரவாதி இருந்தான். மலையை நகர்த்துவான், மழையை நிறுத்துவான், ஆனால் ஒரு வேளை சோறு தாமதமானால் பொறுக்க மாட்டான். வித்தை பெரிசு, புத்தி சிறிசு. இப்படிப்பட்ட ஆள் வாழ்கிற ஊரில் மற்றவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஒருநாள் உச்சி வெயிலில் அவன் உப்பு வியாபாரி வடமலையின் வாசலில் வந்து நின்றான். வடமலை கழுதைகளை ஓட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். அவன் பெண்டாட்டி வேலாத்தா, ஐந்து வயது மகள் அரும்பை மடியில் போட்டு நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு உடம்பு கொதித்தது.

"கொஞ்சம் பொறுங்க சாமி, பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். வாசலுக்கு வந்தவர் பகையாளியாக இருந்தாலும் "வாங்க" என்று கூப்பிடுவது அந்த நாட்டு வழக்கம். பாவம், பிள்ளை கவலையில் அந்த ஒரு சொல்லை அவள் விட்டுவிட்டாள்.

"வாசல்ல நிக்கிறவன வான்னு சொல்ல உனக்கு வாய் வரலையா?" என்று நீலவாயன் கத்தினான். "இனிமே நீயும் வெளியிலயே நில்லு! இந்த வீட்டுக்காரி உன்னை வான்னு கூப்பிடுற வரைக்கும் சுண்டுவிரல் உசரத்துலதான் கிடப்பே. படி தாண்ட முடியாது!"

"இந்த வீட்டுக்காரி நான்தானே சாமி!"

"அதனாலதான் சொன்னேன்!" என்று சிரித்தான். புடவையோடு வளையலோடு சுண்டுவிரலளவு சுருங்கிப்போனவளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மூன்று நாள் நடை தூரத்துக் காட்டில் கொண்டுபோய் உதறிவிட்டான். நமக்கு மூன்று நாள். அவளுடைய அந்தக் குட்டிக் கால்களை வைத்துக்கொண்டு நடந்தால் இரண்டு வருஷம்.

காய்ச்சல் மயக்கத்தில் கிடந்த பிள்ளை எதையும் பார்க்கவில்லை. ஓடிப்போய்விட்டாள் என்றது ஊர். ஊருக்கு எப்போதும் அதுதான் முதலில் தோன்றும். வடமலை ஒரு வருஷம் முழுசாகக் காத்திருந்தான். ஆண்பிள்ளைக் கணக்கில் அது பெரிய தவம். பிறகு சீப்பு செய்கிறவர் மகள் சிலம்பாயியைக் கட்டிக் கூட்டிவந்து, பிள்ளையை அவள் கையில் ஒப்படைத்துவிட்டு, மறுபடி கழுதைகளோடு கிளம்பிவிட்டான்.

அரும்பு அவளோடு பேசவில்லை. சிலம்பாயி கதை சொன்னாள். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டது. பாட்டுப் பாடினாள்; பிள்ளை எழுந்து கொல்லைக்குப் போய்விட்டது. பணியாரம் சுட்டாள், பிள்ளை காக்கைக்குப் போட்டது. பிள்ளை எலும்பும் தோலுமாகிக்கொண்டு வந்தது.

அப்பன் வீட்டிலிருந்து சீதனமாக வந்தது சீப்புக்குப் பல் வெட்டுகிற மெல்லிய ரம்பமும் நாலு சிற்றுளிகளும்தான். அவற்றை எடுத்தாள்.

மறுநாள் காலையில் உப்புச் சாடிமேல் ஓர் ஏணி சாய்ந்து நின்றது. விரல் நீளம், ஒன்பது படி. அரும்பு வெகுநேரம் அதையே பார்த்தாள்.

அடுத்த நாள் இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவே நூல் கட்டி, அதில் நகமளவு வேட்டிகள் மூன்று காய்ந்தன. ஒன்றில் இன்னும் ஈரம் இருந்தது.

"யார் தொவைச்சது?" என்று பிள்ளை கேட்டுவிட்டது.

"எனக்கென்ன தெரியும்? இந்த வீட்ல சுண்டுவிரல் ஆளுங்க இருக்காங்கன்னு பேச்சு. அரிசிய வேற எவனோ கடிச்சு வச்சிருக்கான் பாரு."

பாதி அரிசி ஒன்றைக் காட்டினாள். அரும்பு சிரித்தாள். சிரித்த வாயில் சிலம்பாயி ஒரு கவளத்தை ஊட்டிவிட்டாள். மூன்றாம் நாள் தலைவாசலுக்குப் பக்கத்தில், வெளிச்சுவரின் அடியில், ஒரு சின்னக் கதவு முளைத்தது. நிலை, தாழ்ப்பாள், குமிழ் எல்லாம் உண்டு. முன்னால் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கோலம்.

"சித்தி! சித்தி! இங்க வந்து பாரேன்!" என்று அரும்பு கூவினாள்.

முதன்முதலாக அப்படிக் கூப்பிட்டாள். சிலம்பாயி அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். பிள்ளை இல்லாதவளுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிது என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டுமா?

அதற்குப் பிறகு அம்மி, பானை, ஊஞ்சல் என்று தினம் ஒன்று செய்தாள். எல்லாம் பார்வைக்குத்தான். பானைக்குள்ளே குடையவில்லை, அது வெறும் கட்டை. கதவும் வேப்பம்பிசினால் சுவரில் ஒட்டிய பலகை. திறந்தாலும் பின்னால் சுவர்தானே என்று விட்டுவிட்டாள்.

அங்கேதான் வேலாத்தா வந்து சேர்ந்தாள்.

இரண்டு வருஷம் நடந்து வந்தவள் தன் வீட்டுப் படியில் ஏறப் பார்த்தாள். மந்திரம் பிடித்துத் தள்ளியது. மூன்று தடவை ஏறினாள், மூன்று தடவை விழுந்தாள். அப்போது பக்கத்தில் தன் உயரத்துக்குச் சரியாக ஒரு கதவும், வாசலில் கோலமும் கண்ணில் பட்டன. நான் வருவேன் என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது என்று நினைத்து, ஓடிப்போய்த் தட்டினாள். ராத்திரி முழுக்கத் தட்டினாள். கை வீங்கித் தோல் உரிந்தது.

விடிந்து சின்னக் கோலத்தை அழித்துப் புதுசாகப் போட வந்த சிலம்பாயி அவளைக் கண்டு நடுங்கிப்போனாள். குனிந்து காதைக் கொடுத்தாள். வேலாத்தா எல்லாவற்றையும் சொன்னாள்.

"இவ்வளவு அழகா கதவு வச்சியே, தொறக்கிற மாதிரி வைக்கக்கூடாதா?"

"உங்களுக்குன்னு வைக்கலக்கா. பிள்ளைக்கு வேடிக்கை காட்ட வச்சேன்."

"சரி விடு. அவர் இன்னொருத்தியக் கட்டிக்கிட்டார்னு வழியில கேட்டப்போ அழுதேன். அப்புறம்தான் புரிஞ்சுது. இப்ப இந்த வீட்டுக்காரி நீ. நீ ஒரு வார்த்தை வான்னு சொன்னா நான் பழையபடி ஆயிடுவேன். சொல்லு தங்கச்சி."

சிலம்பாயி உள்ளுக்குள் கணக்குப் போட்டாள். இவள் வந்துவிட்டால் தான் யார்? அரும்பு யாருடைய கையால் சாப்பிடும்?

"இன்னிக்கு நாள் நல்லா இல்லக்கா" என்றாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து அவளை அதற்குள் உட்காரவைத்தாள். அடுத்த நாள், "பிள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டணும்" என்றாள். அதற்கடுத்த நாள், "அவர் வந்துரட்டும், அவர் முன்னால கூப்பிடறேன்" என்றாள். நாள் தள்ள நினைப்பவளுக்குச் சாக்கா கிடைக்காது?

ஆனால் பட்டினி போடவில்லை. முதல்முறையாக ஒரு சின்னப் பானையை உள்ளே குடைந்து கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். கட்டில் செய்தாள், கட்டை விசிறி செய்தாள். செய்யவேண்டிய ஒன்றை மட்டும் செய்யவில்லை. கொட்டாங்கச்சியின் கண் வழியாக வேலாத்தா தன் மகள் "சித்தி, சித்தி" என்று சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இந்தக் கோலத்தில் தன்னைப் பார்த்துப் பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று சத்தம் காட்டவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பக்கத்து வீட்டுச் சிவப்புக் கோழி வந்து கொட்டாங்கச்சியைக் காலால் தள்ளியது. உள்ளே என்னவோ அசைகிறதே என்று ஒரு கொத்துக் கொத்தியது.

சிலம்பாயி முறத்தோடு அங்கேதான் நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம். அவ்வளவு நேரமும் அவள் அசையவில்லை. கோழியின் காலடியில் கிடந்த வேலாத்தா கோழியைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தாள். கூப்பிடவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் சிலம்பாயி அலறிக்கொண்டு முறத்தை வீசினாள். கோழி ஓடிற்று. வேலாத்தாவின் இடது கையில் சதை கிழிந்து தொங்கியது. சிலம்பாயி அவளை அள்ளி எடுத்து வாசற்படிக்கு முன்னால் விட்டுவிட்டு, தான் உள்ளே போய்த் திரும்பி நின்றாள்.

"வாங்க" என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. வாய் சொன்னது, மனசு சொல்லவில்லை.

"உள்ள வாங்க" என்றாள். ஒன்றும் நடக்கவில்லை.

"உங்க பிள்ளைகிட்ட வாங்கக்கா!" என்று உடைந்து அழுதாள்.

வேலாத்தா படியில் கால் வைத்தாள். முழங்கால் உயரம் ஆனாள், இடுப்பு உயரம் ஆனாள், முழு மனுஷியாக உள்ளே வந்து நின்றாள். கையிலிருந்த புண்ணும் கூடவே வளர்ந்திருந்தது. "அம்மா!" என்று அரும்பு பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள்.

மந்திரம் முறிந்த அந்த நொடியே நீலவாயனுக்கு வாய் அடைத்துப்போனது. ராஜா அவனுக்கு வைத்தியம் பார்க்க நாலு பேரை அனுப்பினார். சாயங்காலம் வடமலை வந்தான். இந்தப் பெண்டாட்டியைப் பார்த்தான், அந்தப் பெண்டாட்டியைப் பார்த்தான். "எல்லாரும் இருக்கீங்க, நல்லதாப் போச்சு. சோறு ஆச்சா?" என்றான்.

சிலம்பாயி ரம்பத்தையும் உளிகளையும் துணியில் முடிந்துகொண்டிருந்தாள்.

"இரு தங்கச்சி. ரெண்டு பேரும் இருப்போம்" என்றாள் வேலாத்தா. உள்ளன்போடுதான் சொன்னாள். சிலம்பாயியால் அந்தக் கையைத் தாண்டி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அரும்பு ஒரு கையால் அம்மாவையும் மறுகையால் சித்தியின் முந்தானையையும் பிடித்திருந்தாள். அம்மாவின் புண்ணைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது.

"இது என்னம்மா?"

"கோழி கொத்திருச்சு கண்ணு."

"யாரும் வெரட்டலையா?"

வேலாத்தா நிமிர்ந்து சிலம்பாயியைப் பார்த்தாள்.

"பக்கத்துல யாரும் இல்ல" என்றாள்.

இதுதான் சிலம்பாயிக்குக் கிடைத்த வெகுமதி. முந்தானையைப் பிள்ளையின் விரல்களிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். தெருமுனை வரைக்கும் "சித்தி, சித்தி" என்று அரும்பு கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தாள், அவள் திரும்பவில்லை. தாயும் மகளும் நெடுங்காலம் சுகமாக இருந்தார்கள். சிலம்பாயியும் அப்பன் வீட்டில் சீப்பு வெட்டிக்கொண்டு, பசியில்லாமல்தான் இருந்தாளாம்.