வெள்ளேரிக் கரையில் மூன்று காலை

கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நான் மெதுவாகத்தான் சொல்வேன். ஒரு நாள் நடந்தால் மூன்று ராஜ்யத்தைத் தாண்டிவிடலாம் என்றிருந்த காலம் அது. பூங்கரை நாட்டை மருதவாணன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான்.

அவன் நாட்டு எல்லையில் வெள்ளேரி. கரைக்கு அந்தப் பக்கம் கொம்பன் ராஜாவின் வயல்கள். அந்த வருஷம் நல்ல மழை. ஆனாலும் ஏரியில் தண்ணீர் நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே போனது. கொம்பன்தான் திருடுகிறான் என்றார்கள். கரையில் காவல் போட்டார்கள். காவலர்கள் எதிரி வருகிறானா என்று தூரத்தையே பார்த்து நடந்தார்கள். ஒருவனும் வரவில்லை. தண்ணீர் மட்டும் இறங்கியது. நாலாம் நாள் போர் முரசு அடிப்பதென்று முடிவானது.

ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. கண் மூடவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. வைத்தியம் பார்க்கிற வடிவுக்கன்னி வந்து நாடியைப் பிடித்தாள்.

"மருந்து வேண்டாம் ராஜா. மூணு காலை ஏரிக்கரையில் சும்மா உட்காருங்க. எதிரே இருக்கிறதைப் பாருங்க, போதும்."

முதல் நாள் ராஜா போனான். ராஜா போனால் முன்னால் முரசு போகும், அதற்கும் முன்னால் கட்டியக்காரன் வீரப்பு போவான். "பராக், பராக்" என்று அவன் கத்தினால் மூன்று ஊருக்குக் கேட்கும். கொக்கு பறந்தது, தவளை குதித்தது, கரை காலியானது.

"அங்கே ஒன்றுமே இல்லையே," என்றான் ராஜா, திரும்பி வந்து.

"இருந்தது. நீங்க வர்றதைச் சொல்லி விரட்டிட்டாங்க," என்றாள் வடிவுக்கன்னி.

இரண்டாம் நாள் முரசை நிறுத்திவிட்டு மந்திரியோடு போனான். வேல் எத்தனை, குதிரை எத்தனை என்று பேசிவிட்டுத் திரும்பினான்.

"எந்த மரத்தடியில உட்கார்ந்தீங்க?" என்றாள் வடிவுக்கன்னி.

"மரம் இருந்ததா?" என்றான் ராஜா.

மூன்றாம் நாள் தனியாகக் கிளம்பினான். வீரப்புக்கு மனசு கேட்கவில்லை. "நான் கத்தலைன்னா நீங்க ராஜான்னு கொக்குக்கு எப்படித் தெரியும்?" என்றான். ராஜாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. சிரித்து மாசக்கணக்காகியிருந்தது.

மருத மரத்தடியில் உட்கார்ந்தான். முதலில் மனசுக்குள் குதிரைகள்தான் ஓடின. பிறகு ஒரு தும்பி வந்து ராஜாவின் முழங்காலில் உட்கார்ந்தது. அது பறந்துவிடக் கூடாதே என்று அசையாமல் இருந்தான். மூச்சு நிதானமானது. தாடை தளர்ந்தது. தண்ணீரின் வாசனை தெரிந்தது.

அப்போது காலடியில் புல் ஆடியது. ஒரு நண்டு மண்ணுருண்டையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ராஜா அந்த வளைக்குள் தோள்வரை கையை விட்டான். குளிர்ந்த தண்ணீர் விரல்களைத் தொட்டு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

கரை ஏறி எட்டிப் பார்த்தான். கீழே கொம்பன் நாட்டுப் பெண் ஒருத்தி களை பறித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பக்கம் தண்ணீர் வருதா அம்மா?"

"ஏன் வராது அண்ணே? பாதி நாற்று அழுகிப்போச்சு. உங்க ராஜா வேணும்னே கரையைத் துளைச்சு எங்களை மூழ்கடிக்கிறாராம். எங்க ஆளுங்க வேல் தீட்டுறாங்க. ஆமா, நீங்க யாரு?"

ராஜா சேறான தன் கையைப் பார்த்தான். "கரையைத் துளைச்சது யாருன்னு தெரிஞ்சவன். ஒரு கூடை களிமண் கொண்டாம்மா. உங்க ராஜாவுக்கும் ஆள் அனுப்பு, நேரில் வந்து பார்க்கட்டும்."

நாலாம் நாள் முரசு அடித்தது. முந்நூறு பேர் வேலோடு ஓடிவந்தார்கள். "அதை வீட்டில் வைத்துவிட்டு மண்வெட்டி எடுத்து வாருங்கள்," என்றான் ராஜா. கரைக்கு அந்தப் பக்கம் கொம்பனின் ஆட்கள் நண்டு வளைகளை அடைக்க ஏற்கெனவே மண் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ராஜா தினமும் காலையில் அந்த மரத்தடியில் உட்கார்ந்தான். வீரப்பும் கூடவே போவான், வாயைப் பொத்திக்கொண்டு.

மனசு பாரமாக இருக்கும்போது மரத்தடியிலும் தண்ணீர்க்கரையிலும் சும்மா உட்கார்ந்து எதிரே இருப்பதைப் பார்க்கிறவனுக்குப் பாரமும் இறங்கும், பார்வையும் தெளியும்.