நண்டு போட்ட மண்

அந்தக் காலத்தில் நண்டும் நாரையும் மனிதர்களோடு சரிக்குச் சரியாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசின. பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. வெள்ளத்துக்கும் குறைச்சல் இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் ஓடை பொங்கி வந்து கீழ்க்காட்டுச் சோளத்தை வாரிக்கொண்டு போகும். பெண் நண்டு ஒன்று வருஷா வருஷம் தன் குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்தது.

கடைசியில் அங்காயி என்பவள் முன்னே நின்று, ஓடைக்குக் குறுக்கே மண்ணணை போட ஊரைக் கிளப்பினாள். வீட்டுக்கு ஒரு பங்கு மண் போட வேண்டும் என்று பேச்சு. கொட்டிய மண்ணில் தண்ணீர் தெளித்து, மாடுகளை ஓட்டி மிதிக்கவிட்டார்கள்.

கரை எழும்பியதும் முதலில் குடியேறியது நம் நண்டுதான்.

"ஏண்டி, குடியேற மட்டும் வந்துட்டே. உன் பங்கு மண்ணு எங்கே?" என்று கேட்டாள் அங்காயி.

"கூடை சுமக்க எனக்குத் தலை ஏது, அக்கா?" என்றது நண்டு.

அங்காயி சிரித்துவிட்டாள். நண்டுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமையிலேயே வீட்டையும் கட்டியது. தண்ணீர்ப் பக்கம் முன்வாசல், சோளக்காட்டுப் பக்கம் காற்றுக்கு ஒரு பின்வாசல். கரையை நேராகத் துளைத்துவிட்டோம் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

மழை வந்தது. அணையில் தண்ணீர் ஏறியது. குஞ்சுகளைக் கரைமேல் வைத்துக்கொண்டு நண்டு வேடிக்கை பார்த்தது.

"ஐயோ, கரைக்கு அடியிலே கலங்கல் தண்ணி வருதே!" என்று கீழிருந்து அங்காயி அலறினாள். வந்தது நண்டின் பின்வாசல் வழியாகத்தான். இன்னும் கொஞ்ச நேரம் போனால் கரை அறுந்துவிடும், சோளமும் குடிசைகளும் போய்விடும். முன்வாசலோ தண்ணீருக்குள்ளே மூழ்கிக் கிடந்தது. அது இருக்கும் இடம் நண்டு ஒன்றுக்குத்தான் தெரியும்.

நண்டு நினைத்தால் குஞ்சுகளோடு ஓடிவிடலாம்தான். ஆனால் ஓடி எங்கே போவது? இந்தக் கரையை விட்டால் அவற்றுக்கு மேட்டு நிலம் ஏது?

"அக்கா, பிள்ளைகளைப் பாத்துக்கோ!" என்று கத்திவிட்டுத் தண்ணீரில் குதித்தது.

இழுக்கிற நீரில் கால்களை ஊன்றிக்கொண்டு, களிமண்ணைக் கிள்ளிக் கிள்ளி உருட்டி முன்வாசலில் திணித்தது. உருண்டை கரையக் கரைய மறுபடியும் திணித்தது. கீழே கலங்கல் மெலிந்து, சொட்டாகி, நின்றது.

மழை விட்டதும், "நண்டை வெட்டி எறிங்க" என்று சிலர் மண்வெட்டியோடு வந்தார்கள். அங்காயி குறுக்கே நின்றாள்.

"தலையிலே சுமக்கலேன்னா என்ன, காலாலே உருட்டிச்சே! அதுவும் மண்ணுதான். இதுவும் நம்ம ஊர்லே ஒரு வீடு." பிறகு நண்டைப் பார்த்து, "ஆனா உனக்குப் பின்வாசல் கிடையாதுடி," என்றாள்.

அந்த வருஷம் சோளம் தலை சாயாமல் விளைந்தது. குஞ்சுகள் அத்தனையும் கரைமேல் ஓடித் திரிந்தன. பார்க்கப் பார்க்க நண்டுக்கு மனம் குளிர்ந்தது.

அன்று முதல்தான் நண்டு தன் வளைக்கு ஒரே வாசல் வைக்கிறது. மழை பெய்து ஓய்ந்ததும் அந்த வாசலில் ஈரமண்ணை உருட்டி உருட்டிக் குவித்து, தன் வீட்டுப் பங்கை மறக்காமல் போட்டுவிடுகிறது.