வெட்டிய ஓரம்

சங்குச்சாமி மடத்தில் தியானத்துக்கு உட்காருகிற எல்லாருக்கும் தலை இடப்பக்கம் சாய்ந்துதான் இருக்கும். கூடத்தில் மாட்டியிருக்கும் சாமியின் படம் அப்படி. அரைக்கண் மூடி, இடது உள்ளங்கையைக் காதோரம் லேசாக உயர்த்தியிருப்பார். அண்டத்தின் நாதத்தைக் கேட்கும் நிலை என்று அதற்கு விளக்கம் வேறு சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திருமேனிநாதன் மூன்று வருஷமாக அப்படி உட்கார்ந்து பார்த்துவிட்டார். நாதம் ஒன்றும் கேட்கவில்லை. கழுத்துதான் சுளுக்கிக்கொண்டது.

அன்று காலை அவருடைய மகள் பூங்கோதை வந்தாள். தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டதற்காக ஆறு வருஷமாக அவர் முகம் கொடுத்துப் பேசாத மகள். எதிரில் உட்கார்ந்து, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் நிலை கலைந்துவிடுமே! அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பஸ்ஸுக்கு நிற்க வெளியே போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து மடத்தின் தலைவி உலகம்மையிடம் போனார். உலகம்மை வயதில் இவரைவிட இருபது வருஷம் இளையவர்.

"அம்மா, இந்த நிலைக்கு என்னதான் அர்த்தம்? சாமி எதைக் கேட்டுக்கிட்டிருக்கார்?"

"சாமிக்கு வலது காது கேக்காது, ஐயா."

தலைமையாசிரியர் திரும்பிக் கூடத்துப் படத்தைப் பார்த்தார்.

உலகம்மை ஸ்டூல் போட்டு ஏறி, படத்தை இறக்கினார். பின்பலகையைக் கழற்றிப் படத்தை வெளியே எடுத்து நீட்டினார். சாமி சாய்ந்திருக்கும் பக்கத்தில் ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார்கள். வெட்டின இடத்தில் ஒரு சிவப்புச் சேலையின் நுனி மட்டும் தெரிந்தது.

"இது யாரும்மா?"

"எங்க அம்மா. படம் வரையிறவர் வந்த அன்னைக்கு, மனசுல கிடந்ததைச் சொல்ல வந்திருக்கா. அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் சாமி தலையை நிமிர்த்தலையாம். வந்தவரும் பார்த்ததைப் பார்த்தபடியே வரைஞ்சுட்டார்."

"பிறகு?"

"சட்டத்துக்குள்ள அடங்கலைன்னு அவளை வெட்டிட்டாங்க."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அது எனக்குத் தெரியாது. சாமிகிட்ட சொன்னது."

திருமேனிநாதன் அந்தச் சேலை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. கண் கலங்கியது.

"அம்மா, என் மகள்..." என்று ஆரம்பித்தார்.

உலகம்மை வாசல் பக்கம் பார்த்தார்.

"பதினொரு மணி பஸ் இன்னும் வரலை, ஐயா."