பால் வராத டீக்கடை

மாசிலாமணிக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய குரு முபீனாவுக்கு இருபத்தாறு. "மேடம்னு கூப்பிடாதீங்கண்ணே" என்று அவள் கெஞ்சியதால் "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தார். மனுஷன் குசும்புக்காரர்.

மதுரையில் ஒரு பஸ் கம்பெனி. அங்கே இருபது வருஷம் பார்சல் கட்டியவர், கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்து முபீனாவிடம் வேலை கற்க ஆரம்பித்து எட்டு மாசம். அன்று பதினோரு மணிக்குத் தீபாவளி முன்பதிவு. எல்லாம் நலம், திறக்கலாம் என்று சொல்லும் பொறுப்பு முதல் முறையாக அவருடையது. சொதப்பினால் மறுபடி பார்சல் கட்ட வேண்டியதுதான்.

முன்பதிவு மென்பொருள் இருநூறு துண்டுகளாகப் பிரிந்து ஓடும். கன்டெய்னர் என்பார்கள். ஒரு கட்டளை தட்டினால் துண்டுக்கு ஒரு வரியாக நிலவரம் திரையில் வந்து கொட்டும். இருநூறு வரியை யார் படிப்பது? 'ரன்னிங்' என்றிருக்கும் வரிகளையெல்லாம் கழித்துவிடும்படி தட்டினார். மிஞ்சுவதுதானே நோயாளி.

திரை காலி. அவருக்கு மனசு குளிர்ந்துபோனது.

"குருவே, ஒரு நோயாளிகூடக் கிடையாது. திறக்கச் சொல்லட்டுமா?"

முபீனா திரையைப் பார்த்தாள். மணி பார்த்தாள். பத்து.

"வாங்கண்ணே, டீ குடிச்சிட்டு வருவோம்."

தெருமுனைக் கடை திறந்திருந்தது. அடுப்பு எரிந்தது, ரேடியோ பாடியது. கடைக்காரர் காசி "வாங்க, வாங்க" என்று டம்ளரைத் துடைத்தார்.

"ரெண்டு டீ" என்றார் மாசிலாமணி.

"பால் வண்டி இன்னும் வரலையே சார்."

முபீனா சிரித்தாள். "தெரியும். காலையில நானும் வந்து ஏமாந்தேன்."

"தெரிஞ்சுமா என்னை வெயில்ல நடக்க வச்சீங்க?" மாசிலாமணிக்குக் கோபமே வந்துவிட்டது. "கடை பூட்டியிருந்தாலாவது பேசாம அடுத்த கடைக்குப் போயிருப்பேன். இவரு இப்படித் திறந்து வச்சுக்கிட்டு..."

பேச்சு பாதியில் நின்றது. அப்படியே திரும்பி ஆபீசுக்கு ஓடினார்.

இந்தத் தடவை எந்த வரியையும் கழிக்கவில்லை. இருநூறையும் விரல் வைத்துப் படித்தார். சீட் ஒதுக்கும் மூன்று துண்டுகளும் 'ரன்னிங்' என்றுதான் சொல்லின. ஆனால் பக்கத்தில் 'ரெடி' என்ற பத்தியில் மூன்றுக்கும் பூஜ்யம்; கடை திறந்திருக்கிறது, பால் இல்லை. அவற்றின் பதிவுகளைத் திறந்து பார்த்தால், பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு டேட்டாபேஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தன. புதியதைக் கொடுத்தார். மூன்றிலும் பூஜ்யம் ஒன்றானது. மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு ஆட்டம் போட்டார்.

பிறகு, ரெடியாகாத வரிகளை மட்டும் காட்டும்படி ஒரு புதுக் கட்டளை தட்டினார். திரை காலி. மணி பத்தே முக்கால்.

"குருவே, இப்போ எல்லாமே ரெடிங்குது. சொல்லிடட்டுமா?"

"காசியும்தான் வாங்க வாங்கன்னாரு. டீயைக் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

மாசிலாமணி செங்கோட்டைக்கு ஜன்னலோரமாகச் சோதனைக்கு ஒரு சீட் போட்டுப் பார்த்தார். டிக்கெட் வந்து விழுந்தது. முகமெல்லாம் பல்லாகத் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"டீ வந்துருச்சு குருவே."

"ஊரு, தேதி, சீட்டுன்னு சக்கரையும் சரியா இருக்கான்னு பாத்துட்டு, கடையைத் திறங்கண்ணே."