வெள்ளைச் சேலைக்கு முந்தின சாயங்காலம்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஒரு பெண்கள் கல்லூரியின் சேப்பலைக் கூட்டிப் பெருக்குகிறேன். ஒரு வார்த்தை கூடிப்போனால் எமிமாள் மிஸ்ஸுக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஒரு வார்த்தை குறைந்துபோனால் அந்தப் பிள்ளை ஜெபசீலிக்கு இல்லை என்பார்கள்.

அதனால் கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

"மிஸ், எனக்கு அழைப்பு வரல."

ஜெபசீலி இப்படித்தான் ஆரம்பித்தாள்.

காலை ஆராதனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருந்தார்கள். நான் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். எமிமாள் மிஸ் பிரசங்க மேடையின் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

மிஸ் தாவரவியல் பாடம் எடுக்கிறவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. சேப்பல் பொறுப்பும் அவருக்குத்தான். அவர் வாய் திறந்து ஜெபம் பண்ணினால், பின்வரிசையில் செல்போன் நோண்டுகிற பிள்ளைகள்கூடக் கண்ணை மூடிவிடுவார்கள்.

"எதுக்கு அழைப்பு?"

"ஊழியத்துக்கு."

"யாரும் கூப்பிடலையா?"

"அம்மா கூப்பிட்டாங்க. ஆண்டவர் கூப்பிடல."

மிஸ் சிரிக்கவில்லை.

ஜெபசீலி மூன்றாம் வருடம் படிக்கிறாள். பிறந்தபோது அவள் அழவில்லையாம். உடம்பெல்லாம் நீலமாக இருந்ததாம். "பிழைக்க வச்சா உம்ம ஊழியத்துக்கே தாறேன்" என்று அவள் அம்மா பொருத்தனை பண்ணினாராம். உடனே அழுதாளாம்.

எங்கள் சபைகளில் இப்படி நேர்ந்துவிட்ட பிள்ளைகள் உண்டு. கல்லூரி முடித்ததும் வேதாகமப் படிப்புக்குப் போவார்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்த ஊர்ச் சபையில், வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும். ஆண்டவர் தன்னை எங்கே, எப்படி அழைத்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும். சபை ஆமென் என்று சொல்லும். அதற்குப் பிறகுதான் போதகர் அனுப்பிவைப்பார்.

ஜெபசீலிக்கு அந்த ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"வேற என்ன படிக்க ஆசை?" என்றார் மிஸ்.

"ஒண்ணும் இல்ல மிஸ். எம்.எஸ்சி.ங்கிறாங்க, பி.எட்.ங்கிறாங்க. எல்லாருக்கும் ஒண்ணு தோணுது. வேற ஆசை ஒண்ணு இருந்தாலாவது இது வேண்டாம்னு சொல்லலாம். அதுவும் இல்ல."

"ஜெபம் பண்றியா?"

"பண்றேன். ரிங் போகுது. எடுக்கத்தான் ஆள் இல்ல."



"நாளைக்கு என் பாடத்துல இன்டர்னல் பரீட்சை எழுதணும்ல நீ?"

"ஆமா."

"போய்ப் படி."

அவ்வளவுதான் பதில்.

எனக்கு அது போதவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்துக் குழாயடியில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"பாப்பா, பொருத்தனை விளையாட்டு இல்ல. குடுக்கிறேன்னு சொன்னதைக் குடுக்காம இருந்தா ஆண்டவரே எடுத்துக்கிடுவார்."

"எங்கம்மாவும் அதைத்தான் சொல்றாங்க, ரூபியக்கா."

அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின டம்ளரையே திரும்பவும் கழுவினாள்.

"எடுத்தா எடுத்துக்கிடட்டும்னு இருக்கு" என்றாள்.

வேலையை அப்படியே போட்டுவிட்டு மிஸ்ஸைத் தேடி ஓடினேன். அந்தப் பிள்ளை சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன்.

"மிஸ், விடுதிக்குப் பின்னால இருக்கிற கிணத்து மூடியைப் பூட்டச் சொல்லட்டுமா?"

பயந்தாங்கொள்ளி என்று திட்டுவார் என்று நினைத்தேன்.

"பூட்டச் சொல்லுங்க" என்றார். "அவ ரூம் பிள்ளைங்ககிட்ட தனியா விடாதீங்கன்னு நான் சொல்றேன்."

ரூம் பிள்ளைகள் அவளைத் தனியாக விடவில்லை. ஆனால் கேலியையும் விடவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கோழிக் குழம்பு; பரிமாற நானும் நின்றேன்.

"ஏட்டி சீலி, அந்தக் காலை இங்க தள்ளு. ஊழியக்காரி உபவாசம் இருக்கணும்."

"அடுத்த வருசம் இவளைப் பார்த்தா எந்திரிச்சு நிக்கணும்டி. இப்பவே உக்காந்துக்கோங்க."

"பேர்லயே ஜெபத்தை வச்சிருக்கா. நமக்கும் சேர்த்து இவ பாஸ் பண்ணிருவா."

அவள் கோழிக்காலை எடுத்துக் கேட்டவளின் தட்டில் வைத்தாள். சிரிக்கவும் செய்தாள். அதைப் பார்த்துத்தான் நான் இன்னும் பயந்தேன்.

மறுநாள் இன்டர்னல் முடிந்தது. என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை பிற்பகல் அவளுடைய அம்மா வந்துவிட்டார். ராத்திரி விருந்தினர் அறையில் தங்கிவிட்டு, விடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பையிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்து என்னிடம் காட்டினார். கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திச் சேலை. கரைகூட வெள்ளைதான்.

"ரூபி, எம்பிள்ளை முகத்தைப் பார்த்தியா? ஊழியக்காரி களை வந்துட்டு பாரு."

பிள்ளை ஒரு வாரமாகச் சாப்பிடாமல் கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. சேலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"இவளைக் குடுத்துட்டேன்னா நான் நிம்மதியாத் தூங்குவேன். பொறந்த நாள்ல இருந்து இவளுக்குக் காய்ச்சல் வந்தாலே, ஆண்டவர் கேக்குறாரோன்னு இருக்கும்."

நானும் அப்படி நினைக்கிறவள்தான்.

பொழுது சாயும் நேரம் ஞாயிறு ஆராதனைக்காகச் சேப்பலைக் கூட்டப் போனேன். மேடைக்குப் பக்கத்தில் வெஸ்திரி என்று ஒரு சின்ன அறை உண்டு. பிரசங்கியார் அங்கி மாட்டுகிற இடம். அதற்குள் கூட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே மிஸ்ஸின் குரல் கேட்டது.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."

கதவு அரைவாசி திறந்திருந்தது. நான் அப்போதே வெளியே வந்திருக்கலாம். கையில் விளக்குமாறோடு அப்படியே நின்றுவிட்டேன்.

ஜெபசீலி வெள்ளைச் சேலையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"அம்மா குடுத்தாங்க. எங்க வைக்கிறதுன்னு தெரியல மிஸ்."

"பெஞ்சுல வை."

வைத்தாள்.

மிஸ் தன் கைப்பையிலிருந்து ஒரு பரீட்சைத் தாளை எடுத்தார்.

"உன் தாள்தானே?"

"ஆமா மிஸ்."

"பேர் இருக்கு. நம்பர் இருக்கு. கேள்வி நம்பர்கூட இல்ல."

"ஆமா."

"படிக்கலையா?"

"படிச்சேன். வேர்ல இருந்து இலை வரைக்கும் எல்லாம் தெரியும். எழுதி என்ன ஆகப்போகுதுன்னு கை வரல."

"அரை மணி நேரம் ஆனா வெளியே விடுவாங்க. நான்தான் அன்னிக்கு ஹால்ல நின்னேன். கடைசி மணி அடிக்கிற வரைக்கும் உக்காந்திருந்த. எதுக்கு?"



"ஏதாச்சும் வரும்னு."

"வந்துச்சா?"

"இல்ல."

மிஸ் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மார்க் போடவில்லை.

"மிஸ், நாளைக்கும் இப்படித்தான் ஆகப்போகுது." அவள் சேலையைப் பார்த்தாள். "ராத்திரி கனவுல கூப்பிட்டார்னு ஒரு பொய் சொல்லிரட்டுமா? ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அம்மா தூங்குவாங்க. நான் மட்டும் ஆயுசு முழுக்க அந்தப் பொய்யைக் கட்டிக்கிட்டு நிக்கணும்."

"சொல்லாட்டி?"

"நான் செத்துருவேன்னு அம்மா நம்புறாங்க. அதை நினைச்சே அவங்க போயிருவாங்க."

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எனக்காக நீங்க ஜெபம் பண்ணுங்க மிஸ். நீங்க பண்ணினா கேப்பார்னு எல்லாரும் சொல்றாங்க."

மிஸ் கண்ணாடியைக் கழற்றிப் பெஞ்சின்மேல் வைத்தார். சேலைக்குப் பக்கத்தில். பிறகு வெறும் தரையில், அந்தப் பிள்ளைக்கு முன்னால், முழங்கால் போட்டார்.

"நீ எனக்குப் பண்ணு."

"ஐயோ மிஸ், எந்திரிங்க."

"எனக்கு ஜெபம் நின்னுபோச்சு சீலி. என் தம்பி ஐ.சி.யூ.வில கிடந்தப்போ வாசல்லயே உக்காந்து பண்ணினேன். அவன் போன அன்னிக்கு நின்னது. காலையில நீங்க கேக்குறது வெறும் தொண்டை."

இத்தனை காலம் அந்தத் தொண்டைக்கு நான் கண்ணை மூடியிருக்கிறேன். என் மகன் வேலைக்காக, என் மூட்டு வலிக்காக, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நானும் கேட்டிருக்கிறேன்.

ஜெபசீலி பின்னால் நகர்ந்தாள். பெஞ்சு இடித்தது.

"எப்போ?"

"நீ அப்போ பாவாடை சட்டை போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்ப."

"அப்புறம் எதுக்கு மிஸ் தினமும் மேடையேறுறீங்க?" கோபமாகத்தான் கேட்டாள்.

"கடைசி மணி இன்னும் அடிக்கல."

வெளியே காக்கைகள் அடைந்துகொண்டிருந்தன. விடுதிப் பக்கம் யாரோ வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"தலையில கை வை" என்றார் மிஸ்.

"எனக்கு ஒரு வார்த்தையும் வராது."

"வார்த்தை கேக்கல. கையை வை."

"நம்பிக்கையே இல்லாம எப்படி மிஸ் வைக்கிறது?"

"எனக்கும் இல்ல. நான் முழங்கால் போடலியா?"

அவள் கையைத் தூக்கினாள். பாதியில் நிறுத்தினாள். பிறகு, அடுப்பிலிருக்கும் பாத்திரம் சுடுமோ என்று தொட்டுப் பார்ப்பதுபோல மிஸ்ஸின் தலையைத் தொட்டாள். தொட்ட பிறகு எடுக்கவில்லை.

அவள் வாய் திறந்தது. மூடியது. திரும்பத் திறந்தது.

ஒன்றும் வரவில்லை.

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஆண்டவரே, இந்தப் பக்கம் பார்க்காதேயும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் விளக்கைப் போடவில்லை. மிஸ்ஸின் முழங்கால் அந்தத் தரையில் எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தினமும் அதைத் துடைக்கிறவள் நான். மிஸ் அசையவில்லை. முதலில் விரல்நுனி மட்டும் தொட்டிருந்த பிள்ளையின் கை மெல்ல இறங்கியது. அது அப்போது பாரமாக, அசதியாக, அங்கேயே கிடந்தது. தூங்குகிற குழந்தையின் கை கிடப்பதுபோல.

விடுதியில் சாப்பாட்டு மணி அடித்தது.

"ஆமென்" என்றார் மிஸ்.

சத்தமாக இல்லை. மேடையில் சொல்கிற மாதிரியும் இல்லை. வேறொருவர் ஜெபம் முடிக்கும்போது, கேட்டுக்கொண்டிருந்தவர் சொல்கிற ஆமென் அது.

ஜெபசீலி கையை எடுத்துத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மிஸ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"விடியக்காலையில எந்த பஸ்?"

"முதல் பஸ் மிஸ்."

"நானும் வாரேன். கடைசி வரிசையில இருப்பேன்."

"அங்க போய் நின்னு நான் என்ன சொல்ல?"

"இப்போ சொன்னதைச் சொல்லு."

"நான் ஒண்ணுமே சொல்லலியே மிஸ்."

"அப்போ நான் எதுக்கு ஆமென் சொன்னேன்?"

அந்தப் பிள்ளை மிஸ்ஸை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பெஞ்சிலிருந்த சேலையை எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, செருப்பைப் போட மறந்து, வெளியே போனாள். மிஸ் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார்.

நான் வெஸ்திரியை விட்டு வெளியே வந்தேன்.

ஒன்றுமே இல்லாத ஜெபம். அதற்கு ஒரு ஆமென். அதைக் கேட்டு ஆண்டவருக்குக் கோபம் வந்தால்? அவர்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். உள்ளே நான்தான் இருக்கிறேன்.

கதவைச் சாத்தினேன். மிஸ் முழங்கால் போட்ட இடத்தில், தூசியில் இரண்டு வட்டம் விழுந்திருந்தது. அதை மிதிக்காமல் பக்கத்தில் நின்றுகொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று, ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணின ஜெபத்தை முதலிலிருந்து முடிவு வரைக்கும், ஒரு சொல் விடாமல், வேகமாகச் சொன்னேன்.

ஆமெனை மட்டும் சொல்லவில்லை. அது அங்கே ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.